ஸ்பிட்ஃபயரின் வயிறு என்ன நிறம்?

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் மாடல் கிட் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் சின்னச் சின்னதாய் வண்ணக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணைச் சொன்னால் கடையில் புட்டியை எடுத்துத் தந்துவிடுவார்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. டீயை நிதானமாகவே குடியுங்கள். ஒரு டம்ளரில் முடிகிற விஷயமில்லை இது.

முதலில் ஒரு சங்கடமான செய்தி. 'ஸ்பிட்ஃபயர் என்ன நிறம்?' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. 'இந்தத் தொடர் எண் உள்ள ஸ்பிட்ஃபயர் இந்த மாதத்தில் என்ன நிறத்தில் இருந்தது?' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். போர்க்கால விமானத்துக்கு நிரந்தர நிறம் என்று ஒன்று இருந்ததில்லை. மேலிடத்திலிருந்து ஆணை வரும், விமானம் நிறம் மாறும். ஆணை வந்த அன்றைக்கே எல்லா விமானமும் மாறிவிடாது என்பது அடுத்த சிக்கல்.

1940-இலிருந்து தொடங்குவோம். அந்த வருடம் மே மாதம் வரை பிரிட்டிஷ் சண்டை விமானங்களின் அடிப்பாகம் நெட்டுவாக்கில் இரண்டாகப் பிரிந்து, இடது இறக்கை கறுப்பாகவும் வலது இறக்கை வெள்ளையாகவும் இருந்தது. அழகுக்காகச் செய்ததில்லை. தரையில் பீரங்கியோடு நிற்பவரும் விமானங்களைக் கண்காணித்துத் தகவல் சொல்பவரும் அண்ணாந்து பார்த்தால், 'இது நம்முடையது' என்று சட்டென்று தெரிய வேண்டும். ஜூனில் அந்தக் கறுப்பு வெள்ளை போய், 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை கலந்த நிறம் வந்தது. நவம்பர் கடைசியில் இடது இறக்கையின் அடிப்பக்கம் மறுபடி கறுப்பானது. ஏறத்தாழ அதே சமயத்தில் வாலுக்கு முன்னால் உடம்பைச் சுற்றி ஸ்கை நிறத்தில் ஒரு பட்டை, மூக்குக் கூம்புக்கும் அதே ஸ்கை. 1941 ஏப்ரலில் கறுப்பு இறக்கை ஒழிந்தது. ஆகஸ்டில் அடிப்பாகமே சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது.

ஒன்றேகால் வருடத்துக்குள் ஒரே விமானத்தின் வயிற்றுக்கு இத்தனை மாற்றம். 'பிரிட்டன் போர்' என்று வரலாறு சொல்லும் வான்போரை பிரிட்டிஷார் 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை என்று கணக்கு வைக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயர் என்று சொல்லிக்கொண்டு வாலில் ஸ்கை பட்டை போட்ட மாடல்கள் கண்காட்சி மேசைகளில் நிறைய நிற்கும். பெயின்ட் வேலை பிரமாதமாக இருக்கும், மாதம்தான் தப்பு. சரியான புட்டியைத் தேடி அலைவதற்கு முன்னால் சரியான தேதியைத் தேடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்த ஸ்கை நிறம் பிறந்த கதை சுவாரஸ்யமானது. சிட்னி காட்டன் என்றொரு ஆஸ்திரேலியர். போர் தொடங்கிய சமயத்தில் லண்டனுக்கு மேற்கே ஹெஸ்டன் விமானத் தளத்தில், எதிரி நாட்டின் மேல் பறந்து படமெடுக்கும் ரகசியப் பிரிவை நடத்தினார். படமெடுக்கப் போகிற விமானத்தில் துப்பாக்கி இருக்காது. கண்ணில் படாமல் போய்வந்தால்தான் உயிர். ஜோத்பூர் மகாராஜாவின் சொந்த விமானம் ஒருநாள் ஹெஸ்டனிலிருந்து கிளம்பியதாம். வாத்து முட்டை ஓட்டின் வெளிர்பச்சை அடித்திருந்த அந்த விமானம் சற்று உயரம் போனதும் வானத்தோடு கரைந்துபோனதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று காட்டனே பின்னாளில் சொன்னார். அவர் தயாரிக்கவைத்த அந்த நிறத்துக்கு 'காமோடின்ட்' என்று பெயர். விமானப் படை அதை ஏற்றுக்கொண்டபோது பெயர் 'ஸ்கை' ஆனது. பழைய ஆவணங்களில் 'ஸ்கை டைப் எஸ்' என்று வருவதைப் பார்த்து அது வேறொரு ஷேடு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 'எஸ்' வழவழப்பான பூச்சு வகையைக் குறிக்கிறது, நிறத்தை இல்லை.

ஜூனில் ஆணை வந்துவிட்டது. பெயின்ட் வரவில்லை. நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு அடிக்கிற அளவுக்குப் புது நிறம் கையிருப்பில் இல்லை; ஸ்கை என்றால் எப்படி இருக்கும் என்பதே பல தளங்களில் தெரியாது. அதற்கு முன்பே 'ஸ்கை புளூ', 'ஸ்கை கிரே' என்ற பெயர்களில் வேறு பெயின்ட்கள் இருந்தது குழப்பத்தைக் கூட்டியது. வெளிர்நீலம் இருந்தவர்கள் அதை அடித்தார்கள். பச்சையும் வெள்ளையும் இருந்தவர்கள் கலந்துகொண்டார்கள். ஆகவே 1940 ஜூலையில் ஒரு ஸ்பிட்ஃபயரின் வயிறு உண்மையான ஸ்கையாக இருந்திருக்கலாம், இளநீலமாக இருந்திருக்கலாம், ரெண்டுங்கெட்டானாகவும் இருந்திருக்கலாம். ஒரு படையணியின் விமானத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த அணியைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஸ்கையே அடியுங்கள். ஆணை என்ன சொன்னது என்ற ஆதாரமாவது கையில் இருக்கும். 'எல்லாரும் எதையோ அடித்தார்கள், நானும் எதையோ அடிக்கிறேன்' என்பது மட்டும் நியாயமாகாது.

மேற்புறம் இவ்வளவு தொல்லை தராது. டார்க் எர்த் என்ற மண்பழுப்பும் டார்க் கிரீன் என்ற கரும்பச்சையும் திட்டுத் திட்டாக வரும். திட்டுகளின் வடிவத்துக்கு வரைபடம் உண்டு. 1941 தொடக்கம் வரை அதில் 'ஏ' என்றும் 'பி' என்றும் இரண்டு வகை. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றொன்று. தொடர் எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை வைத்து மாறி மாறி அடித்தார்கள். உங்கள் கிட்டோடு வரும் வரைபடம் ஒரு விமானத்துக்குச் சரியாக இருக்கும். ஸ்டிக்கரை மாற்றி அடுத்த எண் விமானமாக்கினால் மொத்தத் திட்டும் இடம் வலம் மாற வேண்டும். உடம்பின் வட்டச் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் வந்தது 1940 மே மாதத்தில். அதற்கு முந்தைய விமானமென்றால் மஞ்சள் வேண்டாம்.

1941 ஆகஸ்டில் மேற்புறத்தின் மண்பழுப்பு போய் 'ஓஷன் கிரே' என்ற சாம்பல் வந்தது. காரணம், சண்டை இங்கிலாந்தின் வயல்களுக்கு மேலிருந்து கடலுக்கு மேலே நகர்ந்ததும், இன்னும் உயரத்துக்கு ஏறியதும். கீழே கடலும் மேகமும் இருக்கும்போது பழுப்பு பளிச்சென்று தெரியும். புதிய சாம்பல் போதுமான அளவு வந்து சேரும் வரை, தளங்களிலேயே ஏழு பங்கு மீடியம் சீ கிரேயில் ஒரு பங்கு 'நைட்' என்ற கறுப்பைக் கலந்து அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அளவை யார் எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

'பழைய புகைப்படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?' என்று கேட்பீர்கள். புகைப்படம் சாட்சிதான், ஆனால் குறுக்கு விசாரணை வேண்டிய சாட்சி. அக்காலத்து கறுப்பு வெள்ளைப் பிலிம்களில் ஆர்த்தோகுரோமேட்டிக் என்று ஒரு வகை உண்டு. அதற்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகவும், மஞ்சள் அடர்ந்த சாம்பலாகவும், நீலம் வெளுத்தும் பதிவாகும். மஞ்சள் வயிறு கொண்ட பயிற்சி விமானம் அதில் கரிய வயிற்றோடு நிற்கும். மஞ்சள் வளையம் இருப்பதே தெரியாமல் போகும். பான்குரோமேட்டிக் பிலிம் எல்லா நிறத்தையும் ஓரளவு நியாயமாகச் சாம்பலாக்கும். எந்தப் பிலிம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: முதலில் வட்டச் சின்னத்தைப் பாருங்கள். நடுச் சிவப்பு கரேலென்றும் சுற்றியுள்ள நீலம் வெளிறியும் இருந்தால் அது ஆர்த்தோ. அதன் பிறகு படத்தில் உள்ள மற்றச் சாம்பல்களைப் பற்றி அவசரமாக எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வண்ணப் படம் கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் அதிலும் கவனம் தேவை. கோடாக்ரோம் 1935-இலும் அக்ஃபாகலர் அதற்கடுத்த வருடமும் வந்துவிட்டன, ஆகவே போர்க்கால வண்ணப் படங்கள் உண்மையாகவே உண்டு. ஆனால் புல்தரையில் நிற்கும் விமானத்தின் வெளிர் வயிற்றில் புல்லின் பச்சை ஏறியிருக்கும். மாலை வெயில் எல்லாவற்றையும் பழுப்பாக்கும். பிறகு அச்சு, ஸ்கேன், உங்கள் போன் திரை என்று ஒவ்வொரு கட்டமும் தன் பங்குக்கு நிறத்தைக் கொஞ்சம் மாற்றும். எந்த நிறம் எந்த நிறத்தைவிட அடர்த்தி, எல்லைக்கோடு கூர்மையா மசங்கலா, எங்கே உரிந்திருக்கிறது, எங்கே புகை படிந்திருக்கிறது என்பதற்குப் புகைப்படத்தை நம்புங்கள். ஷேடுக்கு நம்பாதீர்கள். படத்தை ஆப்பில் திறந்து ஒரு புள்ளியைத் தொட்டு 'இதுதான் நிறம்' என்று எண் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அப்படியானால் நிஜ விமானத்தின் துண்டு? அதைவிட உறுதியான சாட்சி இல்லை என்றுதான் தோன்றும். ஜப்பானின் ஜீரோவை எடுத்துக்கொள்வோம், அது நமக்கும் பக்கத்தில் வந்து போன விமானம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, அட்மிரல் நகுமோவின் கப்பல்களிலிருந்து கிளம்பி வந்த ஜீரோக்கள் கொழும்பின் மேல் பறந்தன. ரத்மலானை விமானத் தளத்திலிருந்தும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஏறிய பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்கள் அவற்றை எதிர்கொண்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. அன்று வந்த ஜீரோக்கள் கரும்பச்சை அடிக்காதவை. தொழிற்சாலையில் பச்சை பூசி வெளிவருவதெல்லாம் 1943-க்குப் பிந்தைய கதை. 1942-இல் அவை மேலும் கீழும் ஒரே வெளிர் நிறம், இயந்திர உறை மட்டும் நீலம் ஓடிய கறுப்பு.

அந்த வெளிர் நிறம் எது என்பதில்தான் இரண்டு தலைமுறை ஆய்வாளர்கள் மோதிக்கொண்டார்கள். பழைய புத்தகங்கள் வெள்ளை என்றன, அல்லது வெறும் சாம்பல் என்றன. முத்துத் துறைமுகத் தாக்குதலில் விழுந்த ஜீரோக்களின் துண்டுகள் பலரிடம் நினைவுப் பொருளாக இருந்தன. அவற்றைப் பார்த்தவர்கள் இது சாம்பலே இல்லை, மஞ்சளும் பச்சையும் ஓடிய ஏதோ ஒன்று என்றார்கள். மறுதரப்பு, பழைய பெயின்ட் மஞ்சளாகத்தானே போகும் என்றது. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. பெயின்டில் நிறப் பொடியைப் பிடித்து நிறுத்தும் பிசின், இருட்டில் வருடக்கணக்கில் கிடந்தால் மஞ்சளாகும். வெயிலில் கிடந்தால் மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பொடியும்; அந்தப் பொடியைத் தேய்த்தெடுத்தால் அடியில் இன்னொரு நிறம் தெரியும். ஆகவே ஒரே தகட்டின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு பதில் சொல்லும். போர்க்காலத்து ஜப்பானிய ஆய்வறிக்கை ஒன்று ஜீரோவின் சாம்பல் சற்றே அம்பர் பக்கம் சாய்ந்தது என்று குறிப்பிடுவது கிடைத்த பிறகுதான் வாதம் ஓரளவு அடங்கியது. என் தீர்ப்பு: மஞ்சள்பச்சைச் சாயல் மெல்லியதாக ஓடும் வெளிர்சாம்பல், லேசான மினுமினுப்போடு. கேரமல் மிட்டாய் நிறத்துக்குப் போய்விடாதீர்கள், வெள்ளைக்கும் போகாதீர்கள்.

1942 ஜூலையில் அலாஸ்காவின் அகுடான் தீவில் கிட்டத்தட்ட முழுசாக ஒரு ஜீரோ அமெரிக்கர் கைக்குக் கிடைத்தது. பறக்கவிட்டுச் சோதித்தார்கள், அதன் ரகசியங்களைக் கறந்தார்கள். அந்த வேலையின்போது அமெரிக்கக் கடற்படையின் நீலச்சாம்பலை அதன்மேல் அடித்துவிட்டார்கள். நிறம் தேடுகிற நமக்குத்தான் அதில் நஷ்டம்.

அருங்காட்சியக விமானங்களுக்கும் இதே விதி. பளபளவென்று நிற்கும் ஸ்பிட்ஃபயர் எத்தனை முறை மறுபூச்சு கண்டதோ. மாறாக, லண்டன் ஹெண்டனில் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் சிதைந்த கோலத்திலேயே நிற்கிறது. 1942-இல் நார்வேயில் உறைந்த ஏரி ஒன்றின்மேல் இறங்கி, பனி உடைந்து மூழ்கி, 1973-இல் வெளியே எடுக்கப்பட்டது. பார்ப்பதற்கு அழகில்லை, ஆனால் சாட்சி சொல்லத் தகுதி அதற்குத்தான் அதிகம். அதே அருங்காட்சியகம் 1976-இல் 'பிரிட்டிஷ் ஏவியேஷன் கலர்ஸ் ஆஃப் வேர்ல்ட் வார் டூ' என்ற புத்தகத்தை வெளியிட்டது. அதில் நிறங்கள் மையில் அச்சிட்டவை இல்லை, நிஜப் பெயின்ட் பூசிய வில்லைகள். பிரிட்டிஷ் விமானத்துக்கு இதைத் தாண்டிய உரைகல் வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவில் கிடையாது. பழைய பிரதி விலை அதிகம்தான். மாடல் செய்யும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மானியர் ஒழுங்குக்குப் பேர் போனவர்கள், அங்கே எல்லாம் சுலபமாக இருக்கும் என்று நினைப்போம். முதல் பாதி சுலபம்தான். அவர்களுடைய விமான அமைச்சகம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஆர்எல்எம் எண் கொடுத்தது: 02 பச்சை ஓடிய சாம்பல், 65 வெளிர்நீலம், 70-உம் 71-உம் கரும்பச்சைகள், பிறகு 74, 75, 76 என்று சாம்பல் குடும்பம். இவற்றுக்கு ஷேடு கார்டுகள் அச்சாகின, பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. 1944-இல் 81, 82 என்று இரண்டு புது எண்கள் ஆணையில் வந்தபோது கார்டு வரவில்லை. தொழிற்சாலைகள் குண்டுவீச்சுக்குப் பயந்து காட்டுக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் சிதறியிருந்தன. இறக்கை ஓரிடத்தில், உடம்பு இன்னோரிடத்தில் செய்து, மூன்றாவது இடத்தில் பூட்டினார்கள். 81 என்பது ஒருவர் கையில் பழுப்பாகவும் இன்னொருவர் கையில் ஆலிவ் பச்சையாகவும் வந்தது. 1945-இன் ஒரே மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் இறக்கைப் பச்சையும் உடம்புப் பச்சையும் பொருந்தாமல் இருக்கும். அடிப்பாகம் சில இடங்களில் வெறும் உலோகம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி மாத விமானங்களின் அடியில் தெரிந்த பச்சை கலந்த வெளிர் நிறத்துக்குப் போருக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் 'ஆர்எல்எம் 84' என்று தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். அமைச்சகம் அப்படியொரு எண்ணை எந்த ஆணையிலும் சொன்னதாகத் தெரியவில்லை. இருந்தும் அந்த எண் ஒட்டிய புட்டிகள் கடைகளில் விற்கின்றன. புட்டியின் லேபிளை நான் எல்லாச் சாட்சிகளிலும் கடைசியில் வைப்பதற்கு இது ஒன்றே போதும்.

அமெரிக்கர்களின் ஆலிவ் டிராப் கதை வெயிலின் கதை. கறுப்பும் காவி மஞ்சளும் சேர்ந்த அந்தப் பச்சை, தொழிற்சாலையிலிருந்து வந்த புதிதில் ஒரு நிறம். வட ஆப்பிரிக்க வெயிலில் ஆறு மாதம் நின்றபின் பழுப்புக்கும் சிலபோது ஊதாச் சாயலுக்கும் போய்விடும். பி-17 விமானத்தில் உடம்பு உலோகம், வாலின் அசையும் பகுதி துணி. உலோகத்தின் மேலும் துணியின் மேலும் பெயின்ட் ஒரே மாதிரி வெளுப்பதில்லை, அதனால் பழைய படங்களில் ஒரே விமானம் இரண்டு மூன்று பச்சையாகத் தெரியும். போன தீபாவளிக்குச் சுவருக்கு அடித்த அதே கம்பெனி, அதே ஷேடு எண் பெயின்டை வாங்கி இந்த வருடம் ஒட்டுப்போட்டுப் பாருங்கள். அந்த இடம் தனியாகத் தெரியும். அங்கே நடந்ததும் அதேதான், வெயில் மட்டும் கூடுதல். 1944 தொடக்கத்திலிருந்து அமெரிக்கர்கள் பெரும்பாலான போர் விமானங்களுக்கு உருமறைப்புப் பூச்சையே விட்டுவிட்டு, வெறும் அலுமினியமாக அனுப்பினார்கள். எடை மிச்சம், நேரம் மிச்சம்.

கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதற்குத் தோதாக நம் ஊர்ப் பெயர் தாங்கிய விமானம் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப் படையின் 264-ஆம் அணிக்கு 'மதராஸ் ராஜதானி' என்ற பெயர் சேர்ந்திருந்தது. பைலட்டுக்குப் பின்னால் துப்பாக்கிக் கூண்டு வைத்த டிஃபையன்ட் விமானங்கள் அவர்களுடையவை. பகல் சண்டையில் அடிவாங்கிய பிறகு இரவுச் சண்டைக்கு மாறினார்கள். அந்த அணியில் என்1801 என்ற எண் கொண்ட டிஃபையன்ட், 'கோயம்புத்தூர் II' என்ற பெயரோடு பறந்தது; டெஸ்மண்ட் ஹியூஸ் பைலட், ஃபிரெட் காஷ் துப்பாக்கி வீரர். மேலிருந்து கீழ்வரை கறுப்பு.

அந்தக் கறுப்பைக் கறுப்புப் புட்டியைத் திறந்து அப்படியே அடித்தால் மாடல் பொம்மையாகிவிடும். பிரிட்டிஷார் பயன்படுத்திய 'நைட்' என்பதே தூய கறுப்பில்லை, கரிப்பொடியில் அல்ட்ராமரைன் நீலம் சேர்ந்தது. இரவு விமானங்களுக்கு வந்த 'ஸ்பெஷல் நைட்' இன்னொரு வகை: புகைக்கரி படிந்தது போல ஒளியை விழுங்கும், தொட்டால் சொரசொரக்கும், உரியும். சொரசொரப்பு விமானத்தின் வேகத்தையும் தின்றது. கடைசியில் பார்த்தால், இரவு வானத்தின் முன்னால் அடர்கறுப்பு நிழலுருவாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது என்று கண்டுபிடித்து, 1942-இல் இரவுச் சண்டை விமானங்களுக்குச் சாம்பலும் பச்சையும் அடிக்கத் தொடங்கினார்கள். கோயம்புத்தூர் விமானத்துக்கு நீங்கள் அடிக்க வேண்டியது மிக அடர்ந்த சாம்பல், துளி நீலம் சேர்த்து. முழுக் கறுப்பைப் பள்ளங்களுக்கும் டயரின் இடுக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடலில் நிறத்தை ஏன் இப்படி வெளுக்க வேண்டும் என்பதற்கு மாடல்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் தூரம். தொலைவில் உள்ள மலை நீலமாய் வெளிறுகிறதே, அதுபோலக் குட்டி விமானமும் தொலைவில் நிற்பதாகக் கொண்டு நிறத்தை வெளுக்க வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் காரணம் நிற்காது. 1/72 அளவு மாடலை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது நிஜ விமானத்தை 72 அடியிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 72 அடியில் எந்த மலையும் நீலமாவதில்லை. உண்மையான காரணம் வெளிச்சம். நிஜ விமானம் நின்றது வெட்டவெளி வெயிலில். உங்கள் மாடல் நிற்பது வரவேற்பறை அலமாரியில், அதில் பல மடங்கு குறைந்த வெளிச்சத்தில். கூடவே, அடர்நிறம் சிறு பரப்பில் இன்னும் அடர்ந்து தெரியும். ஆகவே வெளுக்க வேண்டும் என்ற முடிவு சரி. எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் தேடாதீர்கள். பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு வெள்ளையிலோ வெளிர்சாம்பலிலோ தொடங்கி, அலமாரியில் வைத்துப் பார்த்து நிறுத்துங்கள்.

அதே அலமாரி வெளிச்சம் இன்னொரு வேலையும் செய்யும். இரண்டு பெயின்ட்கள் வெயிலில் ஒன்றுபோலத் தெரிந்து, எல்இடி விளக்கடியில் வேறு வேறாகிவிடும். கலந்திருக்கும் நிறப்பொடிகள் வேறு என்பதால் வருவது இது. ஸ்கை மாதிரியான ரெண்டுங்கெட்டான் நிறங்களில் இந்த மாற்றம் அதிகம் உறுத்தும். மாடல் எங்கே நிற்கப் போகிறதோ அந்த விளக்கின் கீழே ஒப்பிடுவதுதான் நியாயம்.

ஒப்பிடும் முறையும் எளிது. ஐஸ்கிரீம் கடையில் தரும் வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்பூன்கள் சிலவற்றைச் சேர்த்து வையுங்கள். மாடலுக்கு அடிக்கப்போகும் அதே பிரைமரை ஸ்பூனில் அடித்து, அதன்மேல் பெயின்ட், முழுவதும் காய்ந்தபின் அதன்மேல் வார்னிஷ். ஈரத்தில் தெரிவது நிறமில்லை. அக்ரிலிக் பெரும்பாலும் காயும்போது அடர்ந்துவிடும். மேட் வார்னிஷ் வெளுப்பாக்கும், பளபள வார்னிஷ் அடர்த்தியாக்கும். கறுப்புப் பிரைமரின் மேல் அடித்த ஸ்கையும் சாம்பல் பிரைமரின் மேல் அடித்த ஸ்கையும் அண்ணன் தம்பிதான், இரட்டையர் இல்லை. ஸ்பூனின் காம்பில் புட்டி எண்ணையும் கலவை விகிதத்தையும் எழுதி வையுங்கள். கலந்த பெயின்ட் பாதி இறக்கையில் தீர்ந்துபோகும் நாள் எல்லாருக்கும் வரும்.

புட்டிகளைப் பற்றி இனிச் சொல்வதற்கு அதிகமில்லை. ஹம்ப்ரால் பெயின்டில் 29 டார்க் எர்த்துக்கும் 90 ஸ்கைக்கும் வெகுகாலமாகப் புழங்கும் எண்கள். தமியாவில் ஸ்கை என்ற பெயரிலேயே எக்ஸ்எஃப்-21 இருக்கிறது. என் கண்ணுக்கு அதில் பச்சை கூடுதல், வெள்ளை சேர்த்தால் தேவலை. சில கிட்களின் விளக்கத் தாளில் 'எஃப்எஸ்' என்று ஐந்திலக்க எண் இருக்கும். அது அமெரிக்க அரசு வகுத்த வண்ணத் தர வரிசை. முதல் இலக்கம் 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதிப் பளபளப்பு, 3 என்றால் மேட். பயனுள்ள பொதுமொழிதான். ஆனால் அந்த வரிசை முதலில் வெளியானது 1956-இல். 1940-இன் பிரிட்டிஷ் நிறத்துக்கோ 1942-இன் ஜப்பானிய நிறத்துக்கோ அதில் சொல்லும் எண், 'இருப்பதில் இது கிட்டத்தட்ட' என்ற அளவில்தான்.

கிழக்குப் பக்கத்து விமானம் செய்ய ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியா, இலங்கை, பர்மா பகுதியில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து போரின் பிற்பகுதியில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழப்பி நம் ஆளே நம் ஆளைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. கருநீலத்துக்குள் வெளிர்நீலம், அவ்வளவுதான். அமெரிக்கர்களும் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை 1942 மே மாதம் இதே காரணத்துக்காக அழித்தார்கள். இந்தச் சின்னத்தில் சிவப்பு வைத்துவிட்டால், நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பச்சையைக் கலந்திருந்தாலும் பயனில்லை.

முதல் மாடலுக்கு என் சிபாரிசு 1940 செப்டம்பர் மாத ஸ்பிட்ஃபயர், தொடர் எண் தெரிந்த, பக்கவாட்டுப் புகைப்படம் உள்ள ஒன்று. புகைப்படம் இல்லாத விமானமென்றால் விட்டுவிட்டு வேறு தேடுங்கள். வாங்க வேண்டியது டார்க் எர்த், டார்க் கிரீன், ஸ்கை, காக்பிட்டுக்கு உட்புறச் சாம்பல்பச்சை, விசிறிக்கும் மூக்குக் கூம்புக்கும் கறுப்பு, விசிறி நுனிக்கு மஞ்சள். வால் பட்டை வேண்டாம். வெளுப்பதற்கு வெள்ளை மட்டும் இரண்டு புட்டி வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும்.